சேலைக்குக் கிடையாது, அளவுக்கு உண்டு

என் ப்ளவுஸ் அளவு தொலைந்துபோனதால்தான் நான் தொழில் தொடங்கினேன். யாராவது கேட்டால், சந்தையில் ஒரு தேவை இருப்பதைக் கவனித்தேன் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வேன். உண்மை இதுதான்.

அப்போது நான் பதினாலு வருஷம் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது என்றால், காலையில் கீரை ஆய்வது, மதியம் தூங்குவது, சாயங்காலம் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் இன்னும் இரண்டு நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்வது. அந்தச் சமயத்தில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தி.நகரில் சேலை எடுத்துவிட்டு, எப்போதும் தைக்கும் மாஸ்டரிடம் ப்ளவுஸ் துணியைக் கொடுக்கப் போனேன்.

மாஸ்டர் இருப்பது உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்று மாடி ஜவுளிக்கடையின் மேல்மாடியில். கடை, தெற்கேயிருந்து வந்த ஒரு அண்ணாச்சியுடையது. கீழே பட்டு, நடுவில் காட்டன், மேலே சுடிதார். சுடிதாருக்கும் லிஃப்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு போட்ட இடத்தில் மாஸ்டரும் இரண்டு தையல் மெஷின்களும். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, கடையில் எங்களோடு அசல் சென்னைத் தமிழ். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அவர் முகம் சரியாக இல்லை. மேஜைமேல் ஒரு நீளமான நோட்டை விரித்துவைத்து, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டிருந்தார்.

"இன்னா மாஸ்டர், நோட்டுக்குக் காத்து வாங்கறீங்க?"

"ஏசி தண்ணி வுட்ருச்சு மேடம். ராத்திரி பூரா சொட்டிக்கினு கீது, யாரும் பாக்கல. ஒரு நோட்டு மொத்தமும் ஊறிப் போச்சு."

"என் அளவு?"

"அதுலதான் கீது."

பக்கத்துக்கு ஒரு பெண், பக்கத்தின் மூலையில் அவள் துணியில் ஒரு துண்டு ஸ்டேப்ளர் பின்னால் குத்தியிருக்கும். அப்படி ஒரு நோட்டு. என் பக்கத்தைத் தேடி எடுத்தார். மை கலைந்து வானம் மாதிரி ஆகியிருந்தது. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"கை நீளம் எட்டா மூணான்னு தெரில மேடம். எட்டுன்னா முழங்கைக்கு மேல. மூணுன்னா சின்னப் பொண்ணுங்க போடுற மாதிரி வரும். எது வெக்கட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்த நோட்டில் எழுநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; அங்கிருந்து துணியை மட்டும் அனுப்பி, அளவு உங்களிடம் இருக்கிறதே, தைத்து வையுங்கள் என்று ஃபோனில் சொல்கிறவர்கள். அவர்களை எல்லாம் எப்படித் திரும்பக் கூப்பிட்டு அளவெடுப்பது?

வீட்டுக்கு வரும் வழியில், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் ஆட்டோ நகராமல் நின்றுகொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில், எனக்கு முடிவு வந்துவிட்டது. தையல்காரர்களுக்கு அளவு எழுதிவைக்க ஒரு ஆப்.

*

மூன்று மாதத்தில் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மாஸ்டரிடம் எடுத்துப் போனேன். ஒரே நிமிஷத்தில் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னா மேடம், மார்ல ஆரமிச்சிக் கீறீங்க? நாங்க உயரத்துலதான் ஆரமிப்போம். உயரம், தோள், அப்பறம்தான் மார், இடுப்பு, கை, கழுத்து. டேப்பு அப்படித்தான் இறங்கும். நா கூவிக்கினே போவேன், மெஷின்ல கீறவன் எழுதிக்கினே வருவான். உங்க ஆப்புல அவன் தேடிக்கினு நிப்பான், டேப்பு என் கையில தொங்கிக்கினு நிக்கும்."

வரிசையை மாற்றினேன். எழுத்துக்குப் பதில் கட்டை விரல் அகலத்துக்கு எண்கள் வைத்தேன். அரை இன்ச், கால் இன்ச்சுக்குத் தனிப் பொத்தான் வைத்தேன். துணியை ஃபோட்டோ எடுத்து அதே பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வழி செய்தேன். ஆறாவது தடவை போனபோது மாஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், வந்திருந்த ஒரு பெண்மணிக்கு அளவெடுத்து நேராக ஆப்பில் போட்டுக்கொண்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் பதினாலு வருஷத்தில் நான் வாங்கியதில்லை.

ஆப்பை வெளியிட உலகத்தில் இரண்டு கடைகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஃபோனுக்குள்ளும் அதன் கடை பிறவியிலேயே இருக்கிறது. ஒரு கடையில் இடம் பிடிக்க வருஷா வருஷம் கட்ட வேண்டும், இன்னொன்றில் ஒரே தடவை. அதற்கு மேல், ஆப்புக்குள் வாடிக்கையாளர் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பெரிய ஆட்களிடம் முப்பது எடுத்துக்கொள்கிறார்கள், என்னைப் போன்ற சின்னவர்களிடம் பதினைந்து. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் போட்டேன். வருஷச் சந்தா கட்டினால் எத்தனை பேர் அளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். முதல் ஐம்பது பேர் அளவு வரை இலவசம்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, முதல் பணம் வரும்போது அதில் ஒரு துண்டு இல்லாமல் வருவதைப் பார்ப்பது வேறு. நான் வடை சுட்டு எடுத்துவைத்தால் யாரோ ஓரத்தைக் கடித்துவிட்டு நீட்டுவது போல இருந்தது. இரண்டு நாள் வீட்டில் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

"விதியெல்லாம் படிச்சுட்டுத்தானே கையெழுத்து போட்டே?" என்றார் கணவர். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறார். யார் எதற்குக் கையெழுத்து போட்டார்கள் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

"கையெழுத்து எங்கே போட்டேன்? டிக் போட்டேன்."

"டிக் போடாம இருந்திருக்கலாமே."

"டிக் போடாட்டி எங்கே போய்க் கடை விரிக்கிறது? பாண்டி பஜார் பிளாட்ஃபாரத்துலயா?"

அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

மாஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். தன் பழக்கத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு தையல்காரர்களை அவர்தான் ஆப்பில் சேர்த்துவிட்டிருந்தார். அவர்கள் கட்டிய பணத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ?"

"நூத்துக்குப் பதினஞ்சு."

"அவ்ளோதானா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"என்ன மாஸ்டர், அவ்வளவுதானான்றீங்க?"

"எனக்கு ரூபாய்க்கு நாலணா மேடம். ஒரு ப்ளவுஸ் தெச்சா அதுல நாலுல ஒரு பங்கு அண்ணாச்சிக்கு. லைனிங் வெச்சாலும் நாலணா, ஆரி வொர்க்கு போட்டாலும் நாலணா. ஊசி என்னுது, நூலு என்னுது, கண்ணு போறதும் என்னுது. உங்களுக்குப் பதினஞ்சு பைசாதான் எடுக்கிறான். இப்ப யாரு அழணும்?"

பதினோரு வருஷமாக அந்த மாடியில் அவரைப் பார்க்கிறேன். அவர் அங்கே வாடகைக்கு இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆப்பு செஞ்சிக் குடுத்தீங்க," என்றார் கடைசியில், கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டு. "இப்ப உங்களுக்கே ஆப்பு வெச்சிட்டாங்க." தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

*

அடுத்து நான் செய்தது புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன். ஆப்பின் சந்தாப் பக்கத்தில் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தேன்: எனக்கே நேராக அனுப்பினால் சந்தா குறைவு. பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு. கீரைக்காரம்மாவிலிருந்து கோயில் உண்டியல் வரை எல்லோரும் வைத்திருக்கிற அதே கட்டம்தான். கடைக்கு அனுமதிக்காக அனுப்பிய இரண்டாம் நாள் ஆப் திரும்பி வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, என் வரி எந்த விதியை மீறுகிறது என்று எண் போட்டுக் காட்டி, எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேறு வழியில் பணம் வாங்குவதற்கு ஒரு கடை சில இடங்களில் அனுமதி தருகிறது. அப்படி வாங்கினாலும் அவர்கள் பங்கில் கொஞ்சம்தான் குறையும். பணம் அவர்கள் வீட்டு வாசல் வழியாக வராவிட்டாலும் அவர்களுக்கு உண்டு.

பதில் எழுதிக் கேட்டேன். பேச வேண்டும், யாரிடம் பேசலாம் என்று கேட்டேன். மறுபடி அதே மின்னஞ்சல் வந்தது, அதே நன்றியோடு. இந்த உலகத்தில் என் வருமானத்தில் பங்குள்ள ஒரே ஆளின் குரலை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். அரை மணியில் அனுமதி வந்தது.

அந்த வாரமே தி.நகரில் கிட்டத்தட்ட இதே நாடகம் நேரில் நடந்தது. நான் புது வெர்ஷனைக் காட்ட மாஸ்டரிடம் போயிருந்தேன். அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார். லிஃப்ட் இருந்தும் அவர் ஏறுவது படியில்தான். ஒவ்வொரு மாடியிலும் யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவார் என்பார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தைத்த ப்ளவுஸ். அதன் மடிப்பிலிருந்து ஒரு சின்ன அட்டையை உருவி மேஜைமேல் வைத்தார்.

மாஸ்டரின் வீட்டு விலாசமும் ஃபோன் நம்பரும் அச்சடித்த அட்டை.

"என்ன மாஸ்டர் இது?"

மாஸ்டர் தலை குனிந்து துணியை மடித்தார்.

"வீட்டுக்கு வந்தா குறைச்சுத் தச்சுத் தாரேன்னு சொல்லியிருக்கீங்களாம். ஒரு கஸ்டமரே கொண்டாந்து குடுத்தாங்க. எங்க கடைக்குள்ள நின்னுக்கிட்டே வெளிய வாங்கன்னு கூப்பிட்டா எப்படி?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான்தான் மாட்டிக்கொண்டேன் என்பது போல இருந்தது. என் க்யூஆர் கோடும் அதே அட்டைதானே.

"நாலணா ஜாஸ்தி அண்ணாச்சி," என்றார் மாஸ்டர், தலையை நிமிர்த்தி. "எத்தினி வாட்டி கேட்டுக் கீறேன், கொறைக்கச் சொல்லி."

"சரி, சொல்லுதேன் கேளுங்க. இந்த ஏசிக்குக் கரண்ட் பில் யாரு கட்டுதா? லிஃப்டு யாருது? தீபாவளி சமயத்துல மூணு மாடி ஏறி உங்ககிட்ட வாராங்களே, உங்க முகத்தைப் பாத்தா வாராங்க? கீழ சேலை எடுத்தவங்க வாராங்க. தச்சது சரியில்லைன்னா உங்ககிட்டயா சண்டை போடுதாங்க? நேரா என் கல்லாவுக்கு வந்துல்லா கத்துதாங்க. போன மாசம் ஒரு அம்மாவுக்குப் புதுத் துணியே எடுத்துக் குடுத்தேன். அது யாரு பங்குல?"

"அந்த ஏசிதானே என் நோட்ட ஊற வெச்சிது?" என்றார் மாஸ்டர்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க. நீங்களே சொல்லுங்கம்மா, நான் கேக்கது நியாயமா இல்லையா?"

இதைவிடத் தகுதியற்ற நீதிபதி அந்தத் தெருவில் கிடைத்திருக்க மாட்டார். ஒரு சுடிதார் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். இருவரும் காத்திருந்தார்கள்.

"எனக்குச் சொல்லத் தெரியலை அண்ணாச்சி," என்றேன். "ஆனா மாஸ்டர் நினைச்சா எதிர்த்த கடைக்குப் போகலாம். அங்கேயும் இதே கேட்டா அதுக்கு அடுத்த கடை. இந்தத் தெருவுலயே நாற்பது கடை இருக்கு. நீங்களும் அது தெரிஞ்சுதான் இவர்கிட்ட நின்னு பேசிட்டிருக்கீங்க. எனக்கு மொத்தமே ரெண்டு கடைதான். ரெண்டும் பேசறதில்லை."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. என் கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். மற்றவன் எவ்வளவு பங்கு எடுக்கிறான் என்ற விஷயம் எந்த வியாபாரிக்கும் இனிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"நாங்களும் ஒரு ஆப் போட்டிருக்கோம்லா," என்றார். ஃபோனை எடுத்துக் காட்டினார். பட்டு, காட்டன், சுடிதார், எல்லாம் படம் படமாக இருந்தது. "மாசம் நல்லாவே போகுது. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் புடிக்கலியே?"

விதி எனக்குத் தெரியும். கையில் பிடிக்கக்கூடிய பொருளையோ நேரில் செய்யும் வேலையையோ ஆப் வழியாக விற்றால் அந்த ஆப் கடைக்காரர்கள் பங்கு கேட்பதில்லை. ஃபோனுக்குள்ளேயே இருந்து ஃபோனுக்குள்ளேயே பயன்படுகிற சரக்கு என்றால்தான் கேட்பார்கள். காகிதத்தில் பத்துத் தடவை படித்த விதி. ஆனால் அது வேட்டி கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றது அன்றைக்குத்தான். அண்ணாச்சி ஒரு பட்டுச் சேலையை விற்றால் ஒரு பைசா கிடையாது. அந்தச் சேலைக்கு ப்ளவுஸ் தைக்கிற அளவை நான் எழுதிவைத்தால் பதினைந்து.

"சேலைக்கு இல்ல, அளவுக்கு உண்டா?" என்றார் மாஸ்டர். கோபம் மறந்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க அளவுக்குத் துட்டு வாங்காதீங்க மேடம். ஆப்ப சும்மா குடுங்க, ஒரு இன்ச் டேப்ப ஐந்நூறு ரூபாய்னு வில்லுங்க. கையில புடிக்கிற சரக்குதானே?"

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்ததில் அட்டை விவகாரம் கொஞ்சம் தளர்ந்தது. அண்ணாச்சி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி வைக்கக் கூடாது என்றார். பங்கை நாலில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைப்பதாகச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று, "ஏசியைப் பாக்க ஆளு வரச்சொல்லுதேன்," என்றார்.

ஐந்து நிமிஷம் நேரில் கத்தியதில் மாஸ்டருக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் குறைந்தது. நான் எழுதிய மின்னஞ்சலில் ஒரு பைசா குறையவில்லை.

*

இன்ச் டேப் யோசனை வேடிக்கைதான், ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கடைக்காரர்களைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி தேடினேன். வழி இருந்தது. ஆப் இல்லாமல், வெப்சைட்டாகவே செய்துவிட்டால் யாருக்கும் பங்கு தர வேண்டாம். ஃபோனில் முகவரியைத் தட்டினால் திறக்கும், அளவு போடலாம், சந்தா நேராக என் கணக்குக்கு வரும். ஒன்றரை மாதம் உழைத்துச் செய்தேன். இருந்த தையல்காரர்களுக்கெல்லாம் அதன் முகவரியை அனுப்பி, இனிமேல் இதில் வாருங்கள், சந்தா குறைவு என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு என் ஃபோன் ஓயவில்லை.

"மேடம், தட்டினா ஏதோ ஜோசியப் பக்கம் வருது."

"மேடம், பாஸ்வேர்டு கேக்குது, நான் எப்ப வெச்சேன்?"

"துட்டு போயிடுச்சு, ஆனா கட்டலைன்னு காட்டுது."

"ஃபோன் மாத்திட்டேன், அளவெல்லாம் எங்க போச்சு?"

சாம்பார் கொதிக்கும்போது ஒருவர், குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர், சித்திரக்குளத்துப் பக்கம் காய்கறிப் பையோடு நடக்கும்போது ஒருவர். பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குத் திருப்பித் தர எனக்கு நாலு நாள் ஆயிற்று. அவர் தினம் ஒரு வணக்கப் படம் அனுப்பி நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி கல்லாவில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது என்னவென்று எனக்கு இப்போது தெரிந்தது. புது ஆள் ஒருவர்கூட வரவில்லை. ஃபோனில் "தையல் அளவு" என்று தேடுகிறவர்கள் அந்த இரண்டு கடைகளுக்குள்தான் தேடினார்கள். என் வெப்சைட் ஊருக்கு வெளியே திறந்த கடை.

மூன்றாவது மாதம், பழையபடி ஆப்பை முன்னால் வைத்தேன். வெப்சைட்டும் ஓரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணவர் எதுவும் கேட்கவில்லை. ஃபோன் அடிப்பது குறைந்ததை மட்டும் பாராட்டினார்.

ஆகவே பதினைந்து அநியாயம் என்று நான் இப்போது சொல்வதில்லை. அந்த மூன்று மாத ஃபோன்களுக்கு நானே அதைவிட அதிகமாகக் கேட்டிருப்பேன். வேறு கதவு கிடையாது என்பதும், வேறு கதவு இருக்கிறது என்று கஸ்டமரிடம் வாய்திறந்து சொல்லக்கூட முடியாது என்பதும்தான் உறுத்துகிறது. அண்ணாச்சி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார், சரி. ஆனால் மாஸ்டர் ராயப்பேட்டையில் இருக்கிறார் என்பதை அவரால் ஊருக்கு மறைக்க முடியாது. பதினைந்தா முப்பதா என்ற எண்ணும் உறுத்துகிறது. யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்த எண். அதை என்னிடம் விளக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இப்படியெல்லாம் தெளிவாக யோசித்துவைத்திருந்த நேரத்தில், நானே ஓர் எண்ணை முடிவு செய்ய வேண்டி வந்தது.

மாஸ்டர்தான் ஆரம்பித்துவைத்தார். "அளவு எழுதி வெக்கறது சரி மேடம். கஸ்டமரக் கொண்டாந்து குடுங்களேன். எத்தினியோ லேடீஸ் நல்ல டெய்லர் எங்க கீறாருன்னு அலைஞ்சிக்கினு கீறாங்க. உங்க ஆப்புல எங்க பேரு போடுங்க. வர்ற ப்ளவுஸ்ல உங்களுக்கும் ஒரு பங்கு தர்றோம். அதுல அந்த ஆப்பு கடைக்காரன் பங்கு கேக்க முடியாதுல்ல? கைவேலைதானே?"

உண்மை. தைத்துக் கொடுப்பது ஃபோனுக்கு வெளியே நடக்கிற வேலை. கடைக்காரர்களுக்கு அதில் பங்கு இல்லை. பெண்கள் தங்கள் பேட்டையில் தையல்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பகுதி சேர்த்தேன். ஆர்டர் ஆப் வழியாக வந்தால் எனக்கு எவ்வளவு?

நானும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவான்மியூர் கடற்கரையில் நடந்துகொண்டே இதைப் பேசினோம். பதினைந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து என்றால் கட்டுப்படியாகாது என்றார் அவர். பத்து என்று முடிவு செய்ய அரைத் தட்டு சுண்டல்கூடத் தேவைப்படவில்லை. ஏன் பத்து என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, வேளச்சேரியில் இருக்கும் ஒரு பெண்ணைத் தவிர. அவர் வீட்டிலேயே தைக்கிறார். ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மெஷின் மூழ்கியதிலிருந்து மாடியில் வீடு பார்த்துக்கொண்டு போனவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆப்பில் பெயர் சேர்த்த மூன்றாம் மாதம் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு சந்தேகம். பக்கத்து அபார்ட்மெண்ட் மேடம் ஒருத்தவங்க உங்க ஆப்ப பார்த்து வந்தாங்க. முதல் ப்ளவுஸுக்குப் பத்து பர்சண்ட் போச்சு. சரி. ரெண்டாவது தடவை நாலு ப்ளவுஸ் குடுத்தாங்க. அதுக்கும் போச்சு. அது எதுக்கு?"

"அவங்க ஆப் வழியாத்தானே ஆர்டர் போட்டாங்க?"

"ஆப்ல போட்டாங்க, ஏன்னா அதுல அளவு இருக்கு. ஆனா ஏன் திரும்பி வந்தாங்க? நான் தெச்சது புடிச்சிருந்ததால. நீங்க கூட்டிட்டு வந்தது ஒரு தடவைதானே அக்கா? மத்த தடவையெல்லாம் என் தையல்ல கூட்டிட்டு வந்தது."

நான் பேச ஆரம்பித்தேன். ஆப்பைப் பராமரிக்கும் செலவைச் சொன்னேன். பணம் பத்திரமாக வந்து சேருவதைச் சொன்னேன். ஏதாவது பிரச்னை என்றால் வாடிக்கையாளர் என்னிடம்தானே வருவார் என்றேன். சொல்லச் சொல்ல, இவை ஒன்றுகூட என் வாக்கியம் இல்லை என்று தெரிந்தது. பாதி, மரியாதையான மின்னஞ்சலில் வந்தது. மீதி, மாடிப்படி ஏறி வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கோச்சுக்காதீங்க. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். உங்க நம்பர் இருந்துது."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு வாடிக்கையாளர் ஒரு தையல்காரரிடம் முதல் தடவை வரும்போது மட்டும் பத்து, அதற்குப் பிறகு எத்தனை வருஷம் வந்தாலும் ஒன்றும் இல்லை என்று விதியை மாற்றினேன். வருமானம் குறைந்தது. கணவர் அதைக் கவனித்துவிட்டு, "யார் கையெழுத்து போட்டாங்க இதுக்கு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வேளச்சேரிப் பெண், தனக்குத் தெரிந்த எட்டுப் பேரை ஆப்பில் சேர்த்துவிட்டார். குறைந்ததில் பாதி அப்படித் திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. வரலாம்.

போன வாரம் சேலை எடுக்க தி.நகர் போனபோது அண்ணாச்சி கல்லாவிலிருந்தே கூப்பிட்டார். "உங்க ஆப் எப்படிம்மா போகுது? எவ்வளவு புடிக்கீங்க?" பங்கு விஷயம் அவருக்கு இன்னும் இனிக்கத்தான் செய்கிறது. புது விதியைச் சொன்னேன். முதல் தடவை மட்டும், அப்புறம் அவர்கள் பாடு என்றேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து கல்லாவைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல விஷயம்தான். ஆனா மேல போகும்போது மாஸ்டர்கிட்ட இதைச் சொல்லிறாதீங்கம்மா. நாளைக்கே வந்து, பழைய கஸ்டமருக்கெல்லாம் பங்கு கிடையாதும்பாரு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாஸ்டரும் வேளச்சேரிப் பெண்ணும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனேன்.